திரும்ப மறுக்கும் கைப்பிடி

மன்னாரிலிருந்து பூநகரியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மன்னார் மாவட்டத்தின் வட எல்லையை அணுகுமிடத்தில் அமைந்துள்ளது வெள்ளாங்குளம். சாலையின் ஒருபுறம் வயலும் காடும். மறுபுறம் சிறிது தூரத்திலேயே கடல். அண்மையிலுள்ள தேவன்பிட்டியும், தெற்கே இலுப்பைக்கடவையும் விடத்தல்தீவும், வடக்கே நாச்சிக்குடாவும் அந்தக் கடலை நம்பி வாழும் ஊர்கள். பாக்கு விரிகுடாவின் இப்பகுதி ஆழமற்றது. கரையிலிருந்து நெடுந்தூரம் வரையில் சேறும், கடற்புல்லும், மணல் திட்டுமாகவே கிடக்கும். நீலக்கால் நண்டும் இறாலும் இங்கே கிடைப்பதற்கு அந்த ஆழமின்மையும் புல்லுமே காரணம். படகோட்டுவோருக்குத் தொல்லை தருவனவும் அவையே. வளைந்தும் நெளிந்தும், திட்டு விலக்கியும், பிறர் வலை விலக்கியும் செல்ல வேண்டிய கடல் இது. நேரே ஓட்டிச் சென்று நேரே திரும்புவதற்கு இடமில்லை. ஆகையால், படகு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் காட்டிலும், நினைத்தவுடன் திரும்புமா என்பதே இங்குப் பெரிய வினா.

வள்ளங்களில் பாய் கட்டி ஓடிய காலத்தில் இவ்வினாவுக்கு விடை சுக்கானிடம் இருந்தது. சுக்கான் என்பது மரப்பலகை. அதைத் தாங்கி நின்றவை இரண்டொரு இரும்புக் கொளுவிகள். அவை இறுகினால் கண்ணுக்குத் தெரியும். கையால் கழற்றி எண்ணெய் தடவி மீண்டும் மாட்டிவிடலாம். பலகைக்குச் சுறா எண்ணெய் பூசும் வழக்கமுடைய மக்களுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றியிராது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர் 1909 ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் தமது ஒன்றரைக் குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுக்கானின் வேலையும் துடுப்பின் வேலையும் அப்போது ஒன்றாகிவிட்டன. இயந்திரமே திரும்பும், அது திரும்பினால் படகும் திரும்பும். 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் இலங்கையின் சிறு கலங்களில் இயந்திரம் பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் நடைபெற்றன. பின்னர் ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகுகள் பரவியபோது, பின்பலகையில் தொங்கும் இயந்திரம் வடகரையெங்கும் வழக்கமான காட்சியாயிற்று. போர்க்காலத்தில் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கடலுக்குச் செல்லும் நேரத்திற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2008 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2009 இல் போர் முடிவுற்ற பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு, ஒரு படகும் ஓர் இயந்திரமுமே மீண்டும் தொடங்குவதற்கான முதலாக அமைந்தன. அந்த முதலின் சிறியதோர் உறுப்பைப் பற்றியதே இப்பேச்சு.

விடியற்காலை மூன்று மணிக்கு இருவர் நண்டு வலை இழுக்கச் செல்வதாகக் கொள்க. ஒருவர் முன்னே நின்று வலையின் மிதப்பைத் தேடுகிறார். மற்றவர் பின்னே அமர்ந்து இயந்திரத்தின் கைப்பிடியைப் பற்றியிருக்கிறார். மிதப்பு இடப்புறம் தென்படுகிறது. கைப்பிடியைத் தள்ளினால் அது அசையவில்லை. இரு கைகளாலும் பற்றி, எழுந்து நின்று, உடலின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தள்ளுகிறார். இறுகியிருந்த அச்சு சட்டென விடுபடுகிறது. படகு ஒரே வீச்சில் திரும்ப, நின்றவர் தடுமாறுகிறார். எழுந்து நிற்பதற்கு இடைஞ்சல் என்று கருதி, இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் அவர் மணிக்கட்டிலிருந்து கழற்றி வைத்திருந்தாராயின், அதன் பின் நிகழக்கூடியது கொடியது. கைவிடப்பட்ட இயந்திரம் சுழலியின் விசையினால் தானே ஒரு புறமாகத் திரும்பிக்கொள்ளும். ஆளில்லாத படகு வட்டமிட்டு, விழுந்தவர் நீந்தும் இடத்திற்கே மீண்டும் வரும். இத்தகைய விபத்து உலகின் எல்லாக் கடல்களிலும் அறியப்பட்டதே. அந்தக் கயிற்றை உற்பத்தியாளர் இயந்திரத்தோடு சேர்த்தே தருவதற்கு இதுவே காரணம். கைப்பிடி இறுகுவது கைவலியைத் தரும் சிறு குறை என்று பலர் எண்ணுகின்றனர். மனிதனை எழுந்து நிற்கச் செய்வதனால்தான் அது உயிருக்கு ஆபத்தாகின்றது.

இறுக்கம் எங்கே பிறக்கிறது என்பதைக் காண இயந்திரத்தின் தோளைச் சற்று உற்று நோக்க வேண்டும். படகின் பின்பலகையை இரு திருகுப் பிடிகளால் கவ்வி நிற்பது ஒரு தாங்கி. அதனோடு இணைந்து, செங்குத்தான குழாயொன்றைத் தன்னுள் கொண்டது சுழல்தாங்கி. அக்குழாயினுள்ளே ஓர் உருக்கு அச்சு நிற்கிறது. இயந்திரத்தின் உடல் முழுவதும் அந்த அச்சோடு சேர்ந்தே இடமும் வலமும் திரும்புகிறது. வீட்டுக் கதவு கீலில் திரும்புவது போன்றது இது. ஆனால் இக்கதவின் நிறை, 15 குதிரைவலு இயந்திரமாயின், 40 கிலோகிராம் அளவில் இருக்கும். குழாய்க்கும் அச்சுக்கும் இடையே மேலொன்றும் கீழொன்றுமாக, ‘புஷ்’ என்று பட்டறைகளில் வழங்கும் நைலோன் வளையங்கள் உள. எஞ்சிய இடைவெளியைக் கிறீஸ் நிரப்பியிருக்க வேண்டும். சுழல்தாங்கியின் முகப்பில் ஒன்றோ இரண்டோ சிறு முலைக்காம்பு போன்ற உறுப்புகள் காணப்படும். அவை கிறீஸ் செலுத்துவதற்குரிய நிப்பிள்கள். வர்ணமும் உப்பும் படிந்து, இருக்கின்றன என்றே தெரியாமல் அவை மறைந்து கிடக்கும் இயந்திரங்கள் எத்தனையோ.

சுழல்தாங்கி அலுமினியக் கலவையால் ஆனது, அச்சு உருக்கு. இவ்விரு உலோகங்களும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டு நின்றால், மின்வேதியியல் விதிப்படி அலுமினியமே அரிக்கப்படும். அரிக்கப்பட்ட அலுமினியம் வெண்மையான மாவாகிறது. அம்மாவு தான் இருந்த உலோகத்தைக் காட்டிலும் மிகுதியான இடத்தைப் பிடிக்கும். அதற்குக் குழாயினுள் இடமேது? நைலோன் வளையத்தை அது உள்நோக்கி நெருக்குகிறது. வளையம் அச்சை இறுகப் பிடிக்கிறது. மறுபுறம், கிறீஸ் என்பது ஒருவகைச் சவர்க்காரத்தினுள் எண்ணெயைப் பிடித்து வைத்த பொருள். ஆண்டுக்கணக்கில் விட்டால் எண்ணெய் பிரிந்துபோய்ச் சவர்க்காரம் மாத்திரம் மெழுகுபோல் இறுகி நிற்கும். இயந்திரத்தின் அடியில் பொருத்தப்படும் துத்தநாகத் துண்டு இதைத் தடுக்காதா என்று சிலர் வினவக்கூடும். தடுக்காது. அத்துண்டு தன்னுடன் ஒரே நீரில் மூழ்கியிருக்கும் பாகங்களை மாத்திரமே காக்க வல்லது. சுழல்தாங்கியோ நீர்மட்டத்திற்கு மேலே, அலைத் தெறிப்பில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் நிற்பது. அதற்குக் கிறீஸ் ஒன்றே காவல்.

இந்நிலையில் கரையில் நிகழும் வைத்தியங்களைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. கைப்பிடி இறுகிவிட்டது என்று இளைஞர் முறையிட்டால், “தம்பி, உரப்பு லைட்டைக் கழற்றி விடு” என்பார் ஒரு பெரியவர். அவர் கருதுவது, சுழல்தாங்கியிலுள்ள இறுக்கத் திருகாணி. ஓட்டுபவருக்கு வேண்டிய அளவு தடையைக் கொடுப்பதற்கென அமைந்தது அது. உள்ளே அச்சு இறுகியிருக்கையில் வெளியிலுள்ள திருகாணியைத் தளர்த்துவதால் பயன் சிறிதே. பின்னர் அச்சு விடுபட்டதும் இயந்திரம் கட்டுப்பாடின்றி வீசும். “அண்ணை, கைப்பிடிக்கு ஒரு குழாயைச் செருகி இழுத்தால் வரும்” என்பார் மற்றொருவர். வரத்தான் செய்யும், கைப்பிடியே கையோடு வரும். அதுவும் வார்ப்பு அலுமினியம். அதனுள்ளேதான் வேகக் கட்டுப்பாட்டுக் கம்பியும் ஓடுகிறது. மூன்றாவது வைத்தியம் மண்ணெண்ணெய் ஊற்றுவது. எரிபொருளாக எப்போதும் கையருகே இருப்பதால் இது எளிதாக நிகழ்ந்துவிடுகிறது. அன்றைக்கு அச்சு இளகும் என்பது மெய்யே. அதனாலேயே இது மூன்றிலும் தீயது. மண்ணெண்ணெய் எஞ்சியிருந்த கிறீஸையும் கரைத்து வெளியேற்றிவிட்டு, தானும் ஆவியாகிவிடும். அடுத்த பயணத்தில் அக்குழாயினுள் காவலின்றிக் கடல்நீர் புகும். சிறு குப்பியில் விற்கப்படும் துரு இளக்கும் எண்ணெய்களுக்கும் இதுவே பொருந்தும். அவை திறவுகோல்களே அன்றிக் குடியிருக்க வேண்டியவை அல்ல.

திருத்தம் செய்யுமுன் நோய் யாதெனத் தெளிதல் வேண்டும். படகைக் கரையேற்றி, இயந்திரத்தை நிறுத்தி, அதை நிமிர்ந்த நிலையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை மெல்லத் திருப்புக. இயந்திரத்தை உயர்த்திய நிலையில் சோதித்தால் அதன் பாரமே அச்சை ஒரு புறமாக அழுத்திப் பொய்ச் சான்று கூறும். இறுக்கத் திருகாணியையும் சோதனைக்காக மாத்திரம் தளர்த்தி வைத்தல் நன்று. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இறுகினால் அது கிறீஸின் குறை அல்லது அரிப்பு. குறிப்பிட்ட ஓரிடத்தில் மாத்திரம் தடுத்து, அதைக் கடந்ததும் இலகுவாகுமாயின், அச்சு வளைந்திருக்கலாம். திட்டில் மோதிய இயந்திரங்களில் இதைக் காணலாம். கரையில் இலகுவாகத் திரும்பிக் கடலில் ஓடும்போது மாத்திரம் ஒருபுறம் கனக்குமாயின், குழாயில் குற்றமில்லை. அதன் காரணம் வேறு, பின்னர் வரும்.

குற்றம் கிறீஸின் குறையே எனத் தெளிந்தால், வேலை ஒரு காலைப்பொழுதிற்கு உரியது. நிப்பிள்களைத் தேடி, உப்பையும் வர்ணத்தையும் சுரண்டித் துடைக்க வேண்டும். கடலுக்கென ஆக்கப்பட்ட, நீரில் கரையாத கிறீஸையே கைப்பம்பியில் நிரப்ப வேண்டும். ஒருவர் பம்பியை இயக்குகையில் மற்றவர் கைப்பிடியை இருபுறமும் மெல்ல ஆட்டிக்கொண்டிருத்தல் அவசியம். அசையாத அச்சின் ஒரு புறத்தில் மாத்திரம் கிறீஸ் சேர்ந்துவிடும். ஆட்டும்போதுதான் சுற்றிலும் பரவும். சிறிது நேரத்தில் குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் பழைய கிறீஸ் பிதுங்கத் தொடங்கும். அதை உடனே துடைத்தெறியாமல் விரலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. கறுத்து இறுகியிருந்தால் அது முதுமை மாத்திரமே, அஞ்ச வேண்டுவதில்லை. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. விரலிடையே வெண்மணல்போல் நெருடினால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. செம்மை கலந்திருந்தால் அச்சு துருவேறுகிறது. நாடி பார்த்து நோயறியும் வைத்தியரைப் போல, அனுபவமுள்ள திருத்துநர் இந்த விரற்கடைக் கிறீஸிலேயே குழாயின் உள்நிலையைக் கண்டுகொள்வார். தூய புதுக் கிறீஸ் இரு வாயிலும் வெளிவரும் வரை பம்பியை நிறுத்தலாகாது. இதில் சிக்கனம் பார்ப்பவர்களே மிகுதி. அரைவாசியில் நிறுத்தினால், நீர் கலந்த பழையது உள்ளேயே தங்கிவிடும்.

கிறீஸ் உள்ளே செல்லவே மறுப்பதும் உண்டு. அப்போது பம்பியை மேன்மேலும் அழுத்துவதால் நிப்பிள் தெறிக்குமேயன்றி வழி திறக்காது. நிப்பிளைக் கழற்றி, அதைத் தனியே மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, அது இருந்த துளையினுள் மெல்லிய கம்பியைச் செலுத்தி இறுகிய கிறீஸைத் தோண்டியெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு உரிய இடம் இதுதான். துளையின் வழியே துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஓர் இரவு அப்படியே விடலாம். மறுநாள் சுழல்தாங்கியைச் சுற்றி வெந்நீரில் தோய்த்த சாக்குத் துணியைச் சுற்றினால், சூட்டில் உள்ளிருக்கும் மெழுகு இளகும். தீச்சுடர் காட்டுவோரும் உளர். எரிபொருள் தாங்கி அருகில் இருக்கையில் அது பேராபத்து; தாங்கியை அகற்றிவிட்டுச் செய்தாலும் நைலோன் வளையம் உருகிவிடும். வெந்நீர் இவ்விரண்டையும் செய்யாது. சூடு ஏறியபின் கைப்பிடியைச் சிறிது சிறிதாக, ஓர் அங்குலம் இப்புறமும் ஓர் அங்குலம் அப்புறமுமாக ஆட்டி, அசைவை வளர்த்துக்கொண்டு வரவேண்டும். இளகியதும், மேலே கூறியவாறு புதுக் கிறீஸை நிரப்பி முன்னிருந்த எண்ணெய் முழுவதையும் வெளியேற்றிவிடல் வேண்டும்.

இத்தனைக்கும் அசையாத அச்சு, அல்லது இளகி இரண்டொரு வாரத்தில் மீண்டும் இறுகும் அச்சு, கழற்றப்பட வேண்டியதே. இது கரையில் மணல் நடுவே செய்யும் வேலை அன்று. இயந்திரத்தின் பாரத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கு வலுவான தாங்கு வேண்டும். அச்சைக் கழற்றும் முறையும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். வெளியே எடுத்தபின் குழாயின் உட்சுவரிலுள்ள வெண்மாவை நுண்ணிய உப்புத்தாளால் துடைத்தெடுக்க வேண்டும். சிலர், வளையம் இறுகுகிறது என்று வளையத்தையே சுரண்டி மெலியச் செய்கின்றனர். குற்றவாளி வளையத்தின் பின்னே ஒளிந்திருக்கும் மாவு; தண்டனை பெறுவது வளையம். மாவை அகற்றிப் புது வளையங்களை இடுவதே முறை. அவற்றின் விலை இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. அச்சில் துருக்குழிகள் ஆழமாக விழுந்திருப்பின் அச்சையும் மாற்றியாக வேண்டும்; குழி விழுந்த அச்சு புது வளையத்தை அரம்போல் தின்றுவிடும்.

கைப்பிடிக்குப் பதிலாகச் சில்லுப் பூட்டிய படகுகளில் குற்றம் மற்றோரிடத்திலும் இருக்கக்கூடும். சில்லிலிருந்து வரும் இழுகம்பியை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, இயந்திரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். இயந்திரம் இலகுவாகத் திரும்பினால் குற்றம் கம்பியில். உறையிட்ட கம்பியினுள் நீர் புகுந்து துருவேறியிருந்தால் அதை மாற்றுவதே வழி. கம்பியின் முனை ஓடும் கிடைக்குழாய்க்குக் கிறீஸ் செலுத்தும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்முனை முழுவதும் குழாயினுள் இழுக்கப்பட்ட நிலையிலேயே செலுத்த வேண்டும். வெளியே நீண்டிருக்கும்போது செலுத்தினால், கிறீஸ் உள்ளே அடைபட்டு, முனை திரும்பி வர இடமின்றிச் சில்லே பூட்டிக்கொள்ளும். திருத்தப் போய்ப் படகைத் திரும்பாமலே செய்துவிட்ட கதையாகும் அது.

கரையில் இலகுவாகவும் கடலில் கனமாகவும் இருக்கும் நிலைக்கு வருவோம் எனின், அதன் காரணம் சுழலி. அது ஒரு திசையில் சுழல்வதால் இயந்திரத்தை எப்போதும் ஒருபுறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். இயந்திரத்தைப் படகின் அடியை நோக்கி மிகவும் உள்ளே சாய்த்துப் பொருத்தியிருந்தால் இத்தள்ளல் மிகும். சாய்வுக் கோலை ஒரு துளை வெளியே மாற்றினாலே பல படகுகளில் குறை நீங்கிவிடும். சில இயந்திரங்களில் சுழலிக்கு மேலே சிறு மீன்செட்டை போன்ற தகடு ஒன்று உண்டு. படகு வலப்புறம் எளிதாகவும் இடப்புறம் கடினமாகவும் திரும்பினால், அத்தகட்டின் பின்முனையை வலப்புறமாகச் சிறிது திருப்பிப் பூட்ட வேண்டும். மாறாக இருந்தால் இடப்புறம். இந்தக் கடற்பரப்பில் இதற்கெல்லாம் முன்னதாகப் பார்க்க வேண்டியது சுழலியில் சுற்றிய கடற்புல்லையும் அறுந்த வலைத் துண்டையுமே.

எரிபொருளுக்கும் இதற்கும் தொடர்புண்டு. திருப்பச் சிரமமான படகு நேர்க்கோட்டில் செல்வதில்லை. சிறிது விலகும், பின்னர் பெரிதாகத் திருத்தப்படும், மறுபுறம் விலகும். 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததைக் கண்ட கடற்றொழிலாளருக்கு, கோணலாக ஓடும் ஒவ்வொரு பாகத்தின் விலையும் தெரியும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது அதிகமன்று. நன்னீர் அருமையான கரையாயினும், படகு திரும்பியதும் அரைவாளி கிணற்று நீரைச் சுழல்தாங்கியின் மேல் ஊற்றி உப்பை நீக்கிவிடலாம். இயந்திரத்தை ஒருபுறமாகத் திரும்பிய நிலையில் விடாமல் நேராக நிறுத்தி வைத்தல் வேண்டும். தொழிலில்லாத நாள்களிலும், வலை பொத்தும் வேளையில் கைப்பிடியை இரண்டொரு முறை எல்லைவரை திருப்பி விட்டால் அச்சு உறங்காது. கிறீஸ் செலுத்துவதற்குக் கையேடுகள் இத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை எனக் கணக்குக் கூறும். மணிக்கணக்கு வைக்காத இடத்தில், உப்புக்கடலில் ஓடும் இயந்திரத்துக்கு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது எளிது; பௌர்ணமியைக் குறியாகக் கொண்டால் மறவாது.

அச்சைக் கழற்றிப் பார்க்கும் பெரிய வேலைக்கும் ஒரு காலம் உண்டு. சோளகம் ஓய்ந்து, வாடை தொடங்கி, கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறிக் கிடக்கும் கார்த்திகை மார்கழி நாள்களில் கைகள் ஓய்ந்திருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நாளில், ஓலைக் கொட்டிலின் வளையில் கயிறு கட்டி இயந்திரத்தைத் தொங்கவிட்டு, அச்சை வெளியே எடுத்துத் துடைத்து, வெண்மாவு படிந்திருக்கிறதா என்று குழாயினுள் விளக்குப் பிடித்துப் பார்ப்பதற்கு அதுவே ஏற்ற வேளை.